பேசின் தண்ணீர்

வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள் சிவக்கொழுந்து.

“அண்ணை, உந்த வாளியை ஒருக்கா மணந்து பாருங்கோ. இந்தத் தண்ணியிலையே பிள்ளையைக் குளிப்பாட்டுறது?”

பொன்னம்பலம் குனிந்து மணந்தார். உண்மைதான். வெள்ளம் வடிந்த கையோடு சுகாதாரக்காரர் வந்து ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆசுப்பத்திரி மணம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வருசக்கணக்காக அந்த மணத்துக்குள்ளேயே கிடந்து, இன்று விடியக்காலையில் வீட்டுக் கட்டிலில் அடங்கிப்போன மகள். அவள் தலையில் கடைசியாகவும் அதையே ஊற்றுவதா?

“கோடிப்பக்கம் பேசினிலை நல்ல தண்ணி கிடக்கு. மணமில்லை. அதை எடு” என்றார்.

பெண்கள் நீலப் பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிச் சேலை மறைப்புக்குள் கொண்டுபோனார்கள். எண்ணெய், அரப்பு வைத்து வார்த்தார்கள். மறைப்புக்கு வெளியே நின்றவரின் காலடிக்கு அந்தத் தண்ணீர் ஓடி வந்தது. கல்லுடைத்து வெடித்த குதிக்கால்களுக்குள் குளிர்ச்சியாக இறங்கியது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அது மீன் தொட்டிக்கு வைத்த தண்ணீர்.

முந்தாநாள் மகள் உதயகலா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று அவரைக்கொண்டு நிரப்புவித்தது. அவர் பழக்கதோசத்தில் ஒரு தட்டியை எடுத்து மூடப் போனார்.

“மூடாதேங்கோ அப்பா. மூடினா குளோரின் மருந்து எங்காலை போறது? ரெண்டு நாள் திறந்து கிடக்கோணும். அள்ளின கையோடை விட்டா மீன் செத்துப்போம்.”

“நாங்கள் குடிக்கிற தண்ணியிலை மீன் சாகுமோ? உன்ரை மீன் என்ன, கொழும்பிலை பிறந்ததே?”

“எங்களுக்கு வயித்துக்கை போறது, அதுக்குச் செவுளாலை நேரா ரத்தத்துக்கை போகும்” என்று சிரித்தாள். வீங்கிய முகத்தில் சிரித்தால் கண் தெரியாது.

அவளுக்கென்று ஒரு சின்னச் சில்வர்ப் பேணி இருந்தது. நாளுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு அதுதான் அளவு. தாகம் தாங்கமுடியாத நேரங்களில் மீன் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்திவிடுவாள். இரண்டு பொன் மீனும் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பொன்னம்பலம் உள்ளே போனார். தொட்டி கழுநீர்போலக் கலங்கிக் கிடந்தது. தண்ணீர் மாற்றும் தவணை ஏற்கெனவே பிந்திப்போயிருந்தது. அதற்குமேல் செத்த வீட்டுக்கு வந்த சிறுசுகள் பிஸ்கற்றையும் நுள்ளிப் போட்டிருந்தன. மீன்கள் மேலே வந்து வாயால் காற்றைத் தேடிக்கொண்டிருந்தன.

சிவக்கொழுந்தின் மகன் மயூரதன் பின்னால் வந்து நின்றான்.

“மாமா, சனத்துக்கு எடுத்த போத்தில் தண்ணி கிடக்கு. ரெண்டை உடைச்சு ஊத்துவமே?”

“வேண்டாமடா. அது சத்தெல்லாம் வடிச்ச வெறுந்தண்ணி, மீனுக்குக் கூடாதெண்டு சொன்னவள்.”

“அயலுக்கை கேட்டுப் பாக்கட்டே?”

“ஆரின்ரை கிணத்துக்கை குளோரின் போடாமல் விட்டவங்கள்?”

அவன் தொட்டியைப் பார்த்தான்.

“ஐயர் கூப்பிடுறார் மாமா.”

வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அவள் உதடு அதற்குள் காய்ந்துபோயிருந்ததைக் கண்டார். அரிசி ஒட்டவில்லை, கன்னத்தால் வழுகி விழுந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் வைத்தார். யாரோ தோளைப் பிடித்து விலக்கினார்கள். பெட்டியைத் தூக்கியபோது அவரும் கூடவே நடந்தார்.

“பெத்தவன் நிண்டு பாக்கிற காட்சியில்லை அது. நீங்கள் வீட்டிலை இருங்கோ” என்று வாசற்படலையில் மறித்துவிட்டார்கள். மயூரதன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். பறைச் சத்தம் தெரு ஒழுங்கையால் திரும்பிப் போய்த் தேய்ந்தது.

பொன்னம்பலம் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் அள்ளினார். பேசினை நிரப்பி, பழைய இடத்திலேயே வெயிலில் வைத்தார்.

சிவக்கொழுந்து விளக்குமாறோடு வந்தாள். “வீடு கழுவோணும் அண்ணை. உந்தப் பேசினை எடுக்கட்டே?”

“தொடாதை.”

“செத்த வீட்டிலை இருக்கிற தண்ணியை ஊத்திறதே ஒழிய, ஆரும் புதுசாப் பிடிச்சு வைப்பினமே?”

“கிடக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு, நாளையிண்டைக்கு உதவும்.”

அவள் எட்டி வீட்டுக்குள் தொட்டியைப் பார்த்தாள். மீன் ஒன்று பக்கவாட்டில் சரிந்து மிதந்துகொண்டிருந்தது. மற்றது இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“நாளையிண்டைக்கோ…” என்று இழுத்தாள். பக்கத்தில் கிடந்த தட்டியை எடுத்துப் பேசினை மூடினாள். அவர் அதை எடுத்து வேலியோடு சாத்திவிட்டு உள்ளே போனார்.

யன்னல் கட்டின்மேல் அந்தச் சில்வர்ப் பேணி கவிழ்ந்திருந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் தொட்டிக்குக் காற்றூதும் மோட்டர் நின்றுபோனால் அவள் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். தொட்டியிலேயே ஒரு பேணி அள்ளி, கையை உயர்த்தி, நூலாக ஊற்றுவாள். “இப்பிடி விழேக்கை காத்தையும் கொண்டுபோகும் அப்பா.”

நிலத்தில் குந்தி, பேணியால் கலங்கல் தண்ணீரை அள்ளி உயரத் தூக்கி ஊற்றினார். சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. மறுபடியும் அள்ளினார்.

சிவக்கொழுந்து வாசற்பக்கமிருந்து வீட்டைக் கழுவத் தொடங்கினாள். அவர் குந்தியிருந்த இடத்தை மட்டும் நனைக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். பறை நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்குள் விளக்குமாற்றின் சத்தமும், பேணியிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தமுமே கேட்டன.