வேலியில் நின்ற யூட்

கார்னெட் பாஸ்கோ எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாற்பத்தைந்து வயது, சாது. ஒரு பழைய யூட்டை வாங்கித் தன் கையாலேயே புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. யூட்டை முன்னால் நின்று பார்த்தால் கார், பின்னால் நின்று பார்த்தால் சின்ன லாரி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போகலாம், திங்கட்கிழமை அதிலேயே பன்றிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகலாம். எங்கள் யார்க் தீபகற்பத்தில் பார்லி விதைக்கிறவன் வீட்டில் மனைவி இல்லாமல் இருக்கலாம், யூட் இல்லாமல் இருக்காது.

ஒரு சனிக்கிழமை காலை என் பெட்ரோல் பங்க்குக்கு ஓடிவந்தான். முகமெல்லாம் பல்.

"வாங்கிட்டேன்! ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. லையல் ஹாக்கிங்கோடது. எண்ணூறு டாலர். உன் டிராக்டரக் கொண்டு வா, இழுத்துட்டு வந்துடலாம்."

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாக்கிங் வீட்டு யூட்டின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார்னெட் இங்கே வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வேறு யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டோம். அன்றும் நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. டிராக்டரைக் கிளப்பினேன்.

ஹாக்கிங் கிழவர் தன் உயிலைத் தானே எழுதிவைத்துவிட்டுச் செத்தவர். நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து மகன் லையலுக்கும் மகள் ஐடாவுக்கும் கொடுத்திருந்தார். கடைசி வரியில் 'என் கார் லையலுக்கு, என் லாரி ஐடாவுக்கு' என்று எழுதியிருந்தார். அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு வண்டி. வக்கீல் உயிலை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் பேச்சைத்தான் முடித்துக்கொண்டார்கள். சாவுக்கு முந்தின நாள் கிழவர் வண்டியைச் சரியாக நில எல்லையின் மேல் நிறுத்தியிருந்தார். வேலி போட வந்தவர்கள் கம்பியை வண்டியின் ஒரு பக்கம் வரை கொண்டுவந்து முடித்து, மறுபக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டு போனார்கள். கேபின் லையலின் நிலத்தில், பின்தொட்டி ஐடாவின் நிலத்தில். இருபத்திரண்டு வருடமாக அப்படியே.

லையலுக்கு அறுபத்தாறு வயது. தினமும் மத்தியானம் அந்தக் கேபினில் உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். ஐடாவுக்கு மூன்று வயது குறைவு. பின்தொட்டியில் மண்ணை நிரப்பி ரூபார்ப் வளர்த்தாள். சிவப்புத் தண்டும் யானைக் காது மாதிரி இலையுமாக நிற்கிற செடி. வருடாவருடம் மெய்ட்லண்ட் ஊர் விவசாயக் கண்காட்சியில் அவளுடைய ரூபார்ப்புக்குத்தான் முதல் பரிசு. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடியே வயதாகிவிட்டது.

நாங்கள் போய் முன்பக்கம் கயிற்றைக் கட்டினோம். மறுபக்கம் ஐடா பூவாளியோடு வந்து நின்றாள்.

"இழுங்க தம்பி, நல்லா இழுங்க" என்றாள். "கேபின் ஜன்னலுக்குப் பின்னால இருக்கிறது மட்டும் அசையக் கூடாது. அசைஞ்சா திருட்டு."

கார்னெட் பக்கத்தில் நின்ற லையலைப் பார்த்தான். "என்ன சொல்றாங்க?"

"யாரு?" என்றார் லையல்.

"அதோ, அவங்க."

"எனக்கு யாரும் தெரியலையே. நான் என் காரை உனக்கு வித்தேன். சாவி உன் கையில இருக்கு. அதுக்குப் பின்னாடி ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல."

வேறு யாராக இருந்தாலும் எண்ணூறு டாலரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கார்னெட் வேலியோரமாகவே அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து ஐடாவின் வாசல் வழியாகப் போவதற்காக மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனான். வேலியைத் தாண்ட இரண்டு பேருமே விடவில்லை.

ஐடா பணம் வேண்டாம் என்றாள். "காசு வாங்கிட்டு அவன் மாதிரி அப்பா சொத்தை விக்கிற ஆளு நான் இல்ல. பின்பக்கத்தை உனக்குச் சும்மாவே தர்றேன். ஆனா கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கு. அதுவரைக்கும் செடியைத் தொடக் கூடாது. பிடுங்கினா இலை சோர்ந்துடும். அதனால கண்காட்சிக்கு அது இந்தத் தொட்டியிலேயே வரணும். நானும் கூட வருவேன்."

"ஆறு வாரத்துல இத ஓட வைக்கணுமா?"

"நீதானப்பா வாங்க வந்தே."

சேதி எப்படியோ வேலியைத் தாண்டிவிட்டது. மறுநாள் லையல் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் வண்டியத்தான் வித்தேன். அதுல உக்கார்றத விக்கல. கண்காட்சிக்கு நானும் முன்னால உக்காந்து வருவேன்."

வண்டி நின்ற இடத்திலேயே வேலை ஆரம்பித்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தோடு நேரே அங்கே போய்விடுவான் கார்னெட். இன்ஜின் லையலின் பக்கம், பின் அச்சு ஐடாவின் பக்கம். பதினான்காம் நம்பர் ஸ்பேனரை மறந்து இந்தப் பக்கம் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனால் மூன்று கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். முதல் வாரத்தில் மட்டும் அவன் அப்படி எண்பது கிலோமீட்டர் ஓட்டியதாக என் பங்க்கில் பெட்ரோல் போடும்போது சொன்னான். ஸ்பேனரை வேலிக்கு மேலாகத் தூக்கிப் போடலாமே என்றேன். போட்டானாம். அது ரூபார்ப் இலை ஒன்றைக் கிழித்துவிட்டது. இரண்டு நாள் ஐடா அவனை வாசலுக்குள்ளேயே விடவில்லை.

பெயின்ட் அடிக்கும்போது அடுத்த சண்டை. பழைய வெண்ணெய் நிறம்தான் வேண்டும் என்றார் லையல். வெண்ணெய் நிறத்தில் எறும்புகூட ஏறாது, பச்சைதான் என்றாள் ஐடா. கார்னெட் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முன்பாதிக்கு வெண்ணெயும் பின்பாதிக்குப் பச்சையும் அடித்தான். பின்விளக்குக்கு ஒயர் இழுத்தபோது ஐடா வந்து மறித்தாள்.

"அவன் கரண்டு என் பக்கம் வரக் கூடாது."

"விளக்கு எரியலேன்னா ரோட்டுல விட மாட்டாங்க, ஐடா."

அவள் ஒயரைக் கையில் பிடித்துப் பார்த்தாள். "பேட்டரி யாரு வாங்கினது?"

"நான்தான்."

"அப்ப அது உன் கரண்டு. வரட்டும்."

இப்படியே ஐந்து வாரம் போனது. கார்னெட் ஐந்து கிலோ இளைத்துவிட்டான். ஆனால் அந்த ஐந்தாவது வாரக் கடைசியில் இன்ஜின் இருமியது, தும்மியது, பிறகு நின்று நிதானமாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு லையல் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பக்கம் ஐடா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று கார்னெட் சொன்னான். புகையாக இருக்கலாம்.

கண்காட்சியன்று காலை வண்டியை உரசிக்கொண்டிருந்த வேலிக் கம்பியை நான் விலக்கிவிட்டேன். கார்னெட் ஓட்ட, பக்கத்தில் லையல் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்தொட்டியில் ரூபார்ப்புக்கு நடுவே ஒரு சமையலறை நாற்காலி. அதில் ஐடா, கையில் குடையோடு. தேர் கிளம்புகிற மாதிரி யூட் கிளம்பியது. நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

எட்டாவது கிலோமீட்டரில் போலீஸ் வண்டி ஒன்று மறித்தது. கான்ஸ்டபிள் ராஃப்டரி எங்கள் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண். யூட்டை ஒருமுறை சுற்றிவந்தாள். பச்சையையும் வெண்ணெயையும் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். பிறகு லையல் பக்கம் குனிந்தாள்.

"பின்னால யாருங்க அது?"

"தெரியாதுங்க."

"தெரியாதா?"

"இருபத்திரண்டு வருஷமா பழக்கமில்ல."

கான்ஸ்டபிள் பின்னால் போனாள். "அம்மா, தொட்டியில ஆள் உக்காந்து போகக் கூடாது. சட்டப்படி குத்தம்."

"நான் என் சொந்த இடத்துல உக்காந்திருக்கேன்மா. அப்பா உயில் இருக்கு. காட்டட்டுமா?"

"உங்க சொந்த இடம் அறுபதுல போய்ட்டிருந்துச்சு."

"நாப்பது. அதுக்கு மேல இழுக்காது. முன்பக்கத்தோட லட்சணம் அப்படி."

"காதுல விழுது!" என்று கேபினிலிருந்து சத்தம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் லையல் அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கான்ஸ்டபிள் அசையவில்லை. ஒன்று ஐடா முன்னால் போய் உட்கார வேண்டும், இல்லை வண்டி அங்கேயே நிற்க வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரூபார்ப் இலைகள் ஓரத்தில் தொங்க ஆரம்பித்தன. அவற்றைப் பார்த்ததும் ஐடா இறங்கினாள். முன்னால் நீளமாக ஒரே இருக்கை. கார்னெட், நடுவில் லையல், கதவோரம் ஐடா. ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததைக் கார்னெட்தான் எனக்குச் சொன்னான். இரண்டு கிலோமீட்டர் போனதும் லையல் கண்ணாடியைப் பார்த்தபடி, "கதவு சரியாச் சாத்தல" என்றார்.

"கதவு உன்னுது. நீயே சாத்து."

அவ்வளவுதான், மடை திறந்தது. கிழவர் சாவுக்கு வந்தவர்களுக்கு டீ போடாதது யார், செம்மறிக் கிடா யாருடைய பக்கம் வந்து செத்தது, எழுபத்தொன்பதில் ராத்திரி ஒரு மணிக்குத் தகரத்தைத் தட்டியது யார் என்று எல்லாம் வரிசையாக வந்தது. கார்னெட்டின் காதுக்கு நேரே லையலின் வாய் இருந்தது. மெய்ட்லண்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அவன் கேனோடு கீழே குதித்துவிட்டான். நானும் பின்னால் நிறுத்தினேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் எல்லாம் கேட்டது.

ஐடா திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கடைசியா உன் பேரத்தான் கூப்பிட்டாரு. நீ கொட்டகையில இருந்தே."

லையல் அவள் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"நான் எப்படிக் கேப்பேன்? அதுதான் எனக்குத் தெரியாதே!"

"கத்தாத. செடி வாடுது. வண்டிய எடு."

"எடுக்கிறேன்" என்றார் லையல். சாவி அதிலேயே இருந்தது. நகர்ந்து உட்கார்ந்து கியரைப் போட்டார். கார்னெட் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டு அப்போதுதான் கேனை எடுக்கக் குனிந்திருந்தான். யூட் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்திக்கொண்டே போனார்கள். பின்னால் நாற்காலி மட்டும் காலியாக ஆடிக்கொண்டு போனது.

"என் வண்டி" என்றான் கார்னெட்.

"ஏறு" என்றேன் நான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரூபார்ப்புக்கு இரண்டாம் பரிசுதான் கொடுத்திருந்தார்கள். இலையில் பெயின்ட் வாசனை வருகிறதாம். நடுவரை வைது தீர்ப்பதில் அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி. அந்த மனிதர் கடைசியில் கேக் கூடாரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். கார்னெட் இரண்டு பேரையும் தள்ளி அழைத்துப் போய்ச் சாவியைக் கேட்டான்.

லையல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இவள தேவாலயத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்."

"லையல், வண்டி என் பேர்ல இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. யாரு இல்லேன்னது?"

"திங்கட்கிழமை எனக்குத் தீவன மூட்டை ஏத்தணும்" என்றாள் ஐடா. "செவ்வாய்க்கிழமை வேணும்னா எடுத்துக்கோ."

அன்று மாலை என் பங்க்கில் உட்கார்ந்து கார்னெட் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி இரண்டு தின்றான். கோபப்படுவான் என்று பார்த்தேன், படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது கியர் மாத்தும்போது ஒரு சத்தம் வருது, கவனிச்சியா?" என்று கேட்டான். கவனிக்கவில்லை என்றேன். செவ்வாய்க்கிழமை கியர்ப் பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றான். இறக்கினால் ஒரே நாளில் திரும்ப ஏற்ற முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் அவர்கள் எப்படிப் போவார்கள் என்று அவனே கவலைப்பட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என் டெலிபோனில் லையலைக் கூப்பிட்டு அனுமதி கேட்டான். லையல், ஐடாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.