நண்டு கடித்த தளிர்

கற்றறிந்த நண்பீர், வடசென்னையின் வடகோடியில் கொசத்தலையாறு தன் நெடுவழி முடித்துக் கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை, வைகறை ஒளி மெல்லப் பரவும் பொழுதில் ஒருமுறை காண்பீராக. மேற்கே மணலியின் புகைபோக்கிகள் வான்நோக்கி நெருப்புநாவை நீட்ட, கிழக்கே கடல்மேல் காத்துநிற்கும் கப்பல்கள் கரிய மாடங்களெனத் தோன்ற, இடையே நீர்வற்றிய சேற்றுவெளி ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல் மின்னிக் கிடக்கும். உயிரற்ற வெளி என்று கண் சொல்லும், அது பொய். அங்கே ஒவ்வொரு முழத்திலும் நண்டுவளைகள் வாய்திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

அவ்வெளியின் ஓடையோரத்தில் குந்தி நகர்ந்து, பனையோலையால் முடைந்த பறிக்கூடையைப் பற்களால் கவ்வி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவள் புஷ்பவல்லி. இரு மகள்களின் படிப்பும் வீட்டின் உலையும் அவள் விரல்நுனியை நம்பியிருந்தன.

அவள் கணவனின் தம்பி பீம்ராவ், இறால் பெருகவேண்டும் என்னும் நன்னோக்கத்தால், ஊர் இளைஞரைக் கூட்டி வடக்கும் தெற்குமாய் இரு பாத்திகளில் அலையாத்திக் கன்றுகளை நட்டவன். நீர் வற்றும்போதெல்லாம் நண்டுகள் இளந்தளிரைக் கொய்து வளைக்குள் இழுத்துச் செல்லக் கண்டு வெகுண்டு, சென்ற ஆண்டு வடபாத்தியில் நஞ்சூற்றி அவற்றை அடியோடு ஒழித்தான். கன்றுகள் முதலில் செழித்தன, பின்னர் வெளிறின. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்ததால் என்றான். தென்பாத்திக்கும் அந்நஞ்சே என்று ஊரும் ஒப்பியது. வடபாத்திப் பக்கம் இறால் அற்றுப்போனபின் புஷ்பவல்லிக்கு எஞ்சிய இறால்களமோ அத்தென்பாத்தியை ஒட்டிய சேறு ஒன்றே.

வடக்கே இறால் அற்றது நண்டு மாண்டதாலா, சாம்பலாலா? நண்டு மாண்டதால் என்று தன் கை உணர்ந்ததை அவளே ஐயுற்றாள். ஆகவே ஐந்து நாள், நீர் வற்றுந்தோறும், இரு பாத்திகளையும் முழங்கைவரை தடவி ஒப்புநோக்கினாள். சாம்பல் இரண்டிலும் இருந்தது. ஆனால் வடக்கே உதிர்ந்த இலைகள் உதிர்ந்தபடியே கிடக்க, சேறு கறுத்து நாறியது. தெற்கே நண்டு கிழித்த இலைத்துணுக்குகளை இறாற்குஞ்சுகள் மொய்த்திருக்க, வளைவழியே புகுந்த நீரால் அடிச்சேறும் குளிர்ந்திருந்தது. அதன்பின் அவளுக்கு ஐயம் இல்லை.

பீம்ராவ் நஞ்சுக்குடுவையோடு வந்தபோது அவள் தென்பாத்தியின் நடுவே, பறியைக் கவ்வியவாறே அமர்ந்திருந்தாள்.

"பறி வாய்ல கீற வரைக்குந்தான் ஆத்தாங்கரைல அமைதி," என்று அவன் தோழரை நோக்கிச் சொல்ல, சிரிப்பு எழுந்தது. "எயுந்துரு அண்ணி. நட்டதெல்லாம் நண்டு துன்னுகினு கீது. வேடிக்க பாக்க சொல்றியா?"

அவள் வாயிலிருந்து பறியை எடுத்தாள். "வடக்க நண்டே இல்ல. உன் கன்னு ஏன் சாவுது?"

"சாம்பலு."

"சாம்பலு இங்கயுந்தான் கீது. கைய வுடு நைனா. அங்க ஒருக்கா, இங்க ஒருக்கா. அப்பால ஊத்து, நானே எயுந்துக்கறேன்."

தோழர் பார்த்துநிற்க மறுக்க இயலாது, அவன் வடக்கே சேற்றில் கையை விட்டு முகம் சுளித்தான். தெற்கே விட்ட கையையோ நெடுநேரம் எடுத்தானில்லை. ஏதோ ஒன்று அவன் விரலிடையே துள்ளி ஓடிற்று.

"நான்தான் சாவடிச்சிட்டனா அண்ணி?"

"நண்டுக்கும் சேத்து நட்டுருக்கணும். இன்னும் நேரம் கீது."

குடுவையின் மூடி திறக்கப்படவில்லை. இறால் சுமந்த அப்பறியிலேயே தென்பாத்தி நண்டுகள் சில வடக்கே சென்றன. முதலில் விட்டவை மாண்டன என்பதையும் மறையாது உரைக்கவேண்டும். மீண்டும் சுமந்தனர்; அவற்றுள்ளும் பல மாண்டன; பின்னும் சுமந்தனர்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை, வடபாத்தியில் விளிம்பு கடிபட்ட தளிர் ஒன்றைப் பீம்ராவ் கண்டான். முன்பு அவனுக்குச் சினமூட்டிய அதே கடி. நண்பீர், உண்ண ஓருயிரும் வாராத இலை, மண்ணுக்கும் உணவாவதில்லை. அவன் அண்ணியைக் கூவி அழைத்தான்; பறி பல்லிடை இருந்தமையால் அவள் சேற்றுக்கையை மட்டும் உயர்த்தினாள்.