நுரைக் கோப்பை

அன்று காலை அந்த ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர், இரவு உடை மாற்றாமல் நின்றார். அவர் மனைவி சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில், மடியில் விரித்த பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவுகிற பெண் நடுவில் நின்றாள். ஐந்தாவது ஆள், இரண்டு கையிலும் உப்புத் தண்ணீர்க் கேன்களோடு அப்போதுதான் வாசலில் வந்து நின்ற, வீடு வீடாக மீன் தொட்டிகளைப் பராமரிக்கிற தொட்டிக்காரர். வேலை செய்கிற பெண் அவருடைய கூடப் பிறந்த தங்கை.

அவர் பார்த்தபோது அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் குனிந்து அவள் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோப்பு வாடை வருது," என்றார் நிமிர்ந்து.

"கை கழுவாம உங்க வீட்டுக்குள்ள வரமாட்டேன் சார். அந்த வாடைதான்," என்றாள் அவள்.

தொட்டிக்காரர் கேன்களைக் கீழே வைத்தார். "கையைக் கீழ போடு பாப்பா."

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணத்துக்கு நிற்கிற மகளும் இருக்கிறாள். ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான். அவள் முதலில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையை இறக்கினாள்.

ஆறடி நீளத் தொட்டி. உள்ளே பவளப் பாறைகள் எப்போதும்போல ஊதாவும் பச்சையுமாக விரிந்திருந்தன. அவற்றின் நடுவே மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, தண்ணீர் ஓட்டத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் மூன்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இன்னும் மூன்று பம்பின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன். மூன்றும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைக்கும்போது எல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றார் வீட்டுக்காரர். "காலையில இவ வந்து என்னை எழுப்பறா, மீனெல்லாம் செத்துக்கிடக்குன்னு. நேத்து கண்ணாடி துடைச்சதும் இவதான். சோப்புத் துணியை உள்ள விட்டிருக்கா. வேற என்ன?"

தொட்டிக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். பாறைக்குப் பின்னால் விரலால் தடவினார். சிவப்புக் கோடு போட்ட இறால்கள் இரண்டு வந்தன, வெளுத்துப்போய். கைப்பிடி மணலை அள்ளிப் பார்த்தார். சங்குக்குள் குடியிருக்கிற குட்டி நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து சுருண்டு கிடந்தன. பவளம் பிழைத்திருக்கிறது, நண்டும் இறாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூச்சி மருந்து என்றால் முதலில் சாகிறவை அவைதான்.

"அம்மா," என்றார் வீட்டம்மாவைப் பார்த்து, "நேத்து இந்த ஹால்ல ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

"என்ன மருந்து?" என்றாள் அவள்.

"நிக்கிற மூணையும் காப்பாத்தணும்னா எனக்கு இப்பவே தெரியணும். யாரையும் குத்தம் சொல்லக் கேக்கலை."

அவள் தொட்டியைப் பார்த்தாள். நீல மீன் ஒருமுறை புரண்டு, மறுபடி நிமிர்ந்துகொண்டது.

"அவளை ஏன் கேக்கறே? உன் தங்கச்சியைக் கேளு," என்றார் வீட்டுக்காரர்.

தொட்டிக்காரர் முழங்காலிட்டுத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்தார். அங்கேதான் ஸ்கிம்மர் என்கிற நுரைக் கருவி. காற்றை இழுத்துத் தண்ணீரில் குமிழாக விட்டு, அழுக்கை நுரையோடு மேலே தள்ளி ஒரு கோப்பையில் சேர்ப்பது அதன் வேலை. அவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். அதன் கீழே தரையைக் கையால் தடவி, உள்ளங்கையை வீட்டுக்காரருக்குக் காட்டினார்.

"காய்ஞ்சு கிடக்கு பாருங்க சார். ஒரு சொட்டு சோப்பு உள்ள போயிருந்தாலும் இந்தக் கோப்பை பொங்கி வழிஞ்சு, நுரை உங்க காலு வரைக்கும் வந்திருக்கும். கோப்பையில வழக்கமா சேர்ற அழுக்குதான் இருக்கு."

"அப்ப என்ன, மீனுக்கு மாரடைப்பா?"

ஜன்னல் பக்கமிருந்து பெரியவர் பேப்பரை மடித்தார். "சாயங்காலம் என்னவோ அடிச்சாங்க. எனக்குத் தும்மல் நிக்கவே இல்லை."

"உங்களுக்குக் காதே கேக்காது, சும்மா இருங்கப்பா," என்றார் வீட்டுக்காரர்.

"காது கேக்கலைன்னா மூக்குமா அடைஞ்சுபோச்சு?" என்றார் பெரியவர். மீண்டும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

தொட்டிக்காரர் தலையை அலமாரிக்குள் நுழைத்தார். உப்பு வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. மண்ணெண்ணெயும் பூவும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு. ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் அந்த அலமாரிக்குள்ளேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர்களுக்குப் பின்னால் பூச்சி மருந்து டப்பா நின்றது. மூடியைக் காணோம்.

அவர் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் வேலையில் இறங்கினார். காற்றுக் குழாயோடு ஒரு நீளக் குழாயை இணைத்து, அதன் முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டார். விஷத்தை உறிஞ்சுகிற கரிப் பையை உறையிலிருந்து எடுத்துத் தண்ணீர் விழுகிற இடத்தில் கட்டினார். தங்கை சொல்லாமலே வாளியை எடுத்து வந்து பழைய தண்ணீரை இறக்க ஆரம்பித்தாள். அவர் கேனைச் சாய்க்க, அவள் குழாயைப் பிடிக்க, இருபது நிமிஷம் போனது. நடுவில் நீல மீன் செத்துப்போனது.

வீட்டம்மா முன்னால் வந்தாள். "எறும்புங்க," என்றாள் கணவனிடம். "அலமாரிக்குள்ள எறும்பு. அடிச்சிட்டு, வாடை வெளிய வரக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டேன். தொட்டிக்கு மேல மூடி இருக்குல்ல, உள்ள போகாதுன்னு நினைச்சேன்."

"ஏன், எறும்பு உன்னைத் தூக்கிட்டுப் போகுதா?"

"இவர்தான் எழுதி வெச்சிருந்தார்."

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி. தேதி, உப்பின் அளவு, செய்த வேலை. மீன் செத்தால் எத்தனை, என்ன காரணம். எடுத்துப் போடுகிறவன் தன் கையால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம். நாளைக்கு வேறொருவன் வந்தால் அந்த அட்டையை நம்பித்தான் தண்ணீரில் கை வைப்பான். பத்தொன்பது வருஷத்தில், வெவ்வேறு வீடுகளில், இரண்டு தடவை 'என் தவறு' என்றே அவர் எழுதியிருக்கிறார்.

கடைசி வரியை வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார். "'ஒயரில் எறும்பு. உடனே மருந்து போடவும்.' யார் கையெழுத்து இது?"

தொட்டிக்காரர் அந்த வரியைப் பார்த்தார். பொடி தூவச் சொல்கிறோம் என்றுதான் அன்று நினைத்திருந்தார். நினைத்ததை எழுதவில்லை. "என்னுதுதான் சார். பொடின்னு எழுதியிருக்கணும். அது என் தப்பு."

வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். கோபம் வடிந்து கணக்குப் போடுகிற முகம் வந்தது. கையிலிருந்த போன் விடாமல் அதிர்ந்தது. கடல்தொட்டி வைத்திருக்கிற ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள்; மீன் செத்த செய்தியை அவர் காலையிலேயே அதில் போட்டிருந்தார். இந்த வீடு போக, அந்தக் குழுவில் நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் மாற்றுவது தொட்டிக்காரர்தான்.

"இங்க பாருங்க," என்றார் வீட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி. இப்போது மரியாதை வந்திருந்தது. "அட்டையைப் போட்டோ போடச் சொல்லி எல்லாரும் கேக்கறாங்க. வீட்டம்மாவே மருந்தடிச்சு மீனைக் கொன்னுட்டாங்கன்னா வருஷம் பூரா சிரிப்பாங்க. உங்க பேரும் கெடும். வேலைக்காரி தெரியாம சோப்புக் கை விட்டுட்டான்னு எழுதிடுங்க. யாரையும் நிறுத்தப்போறதில்லை. நீங்களும் வாங்க, உங்க தங்கச்சியும் வரட்டும். எல்லாம் எப்பவும்போல இருக்கட்டும்."

தொட்டிக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் ஈர வாளியோடு நின்றாள்.

"எழுதிடுண்ணே," என்றாள் மெதுவாக. "சோப்புன்னா கழுவினாப் போயிடும். மேல ரெண்டு வீடு இவங்க சொல்லித்தான் கிடைச்சுது. மூணையும் விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"நீ உள்ள கை விட்டியா?"

"இல்லேன்னு உனக்குத் தெரியாதா? எழுதறதுக்குத்தான் சொல்றேன்."

"இந்த வீட்டுல உன்னைக் கொண்டாந்து விட்டவன் நான். என் தங்கச்சி, கைசுத்தம்னு சொல்லி விட்டேன்."

"உனக்கு வாக்கு பெரிசு. எனக்கு ஒண்ணாந்தேதி பெரிசுண்ணே."

பெரியவர் பேப்பருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்திலிருந்து இறங்கி, பாறையை ஒட்டி நின்றன. தொட்டிக்காரர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கை ஈரம் காகிதத்தில் பட்டது. சட்டையில் துடைத்துக்கொண்டார். வாசலில் நுழைந்தபோது பார்த்த அந்த நீட்டிய கைகள், குனிந்த மூக்கு, அவரைவிட்டுப் போகவில்லை.

அவர் எழுதினார். 'மீன் எட்டு. இறால், நண்டு முழுவதும். காரணம்: அலமாரிக்குள் அடித்த பூச்சி மருந்து, காற்றுக் குழாய் வழியாக. மருந்து போடச் சொன்னவன் நான், என்ன மருந்து என்று சொல்லாதது என் தவறு.' கீழே கையெழுத்துப் போட்டு, அட்டையை அதே ஆணியில் மாட்டினார்.

வீட்டுக்காரர் எழுந்து வந்து படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அட்டையை ஆணியிலிருந்து இழுத்து நான்காகக் கிழித்தார். "கேனை எடுத்துக்கிட்டுப் போகலாம்," என்றார். தங்கையைப் பார்த்து, "சாவியை வெச்சிட்டுப் போ," என்றார்.

"அந்தக் குழாயை உள்ள எடுத்துடாதீங்க," என்றார் தொட்டிக்காரர் வீட்டம்மாவிடம். "மூணு நாளைக்கு ஜன்னலுக்கு வெளியவே இருக்கட்டும். கரியை நாளைக்கு மாத்தணும். ரெண்டு மீனாச்சும் நிக்குது."

அவள் தலையாட்டினாள். தங்கையின் பக்கம் அவள் கண் போகவே இல்லை.

மாடிப்படியில் தங்கை முன்னால் இறங்கினாள். செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் பிடித்திருந்தாள். காலிக் கேன்கள் சுவரில் இடித்துக்கொண்டே வந்தன. இரண்டாவது திருப்பத்தில் அவள் நின்றாள்.

"உன் தப்பையும் சேர்த்து எழுதினியே," என்றாள். "அதுக்கு மட்டும் சந்தோஷம். மத்தபடி நீ எனக்குச் சோறு போடப் போறதில்லை."

"போடறேன்."

"வேண்டாம். உனக்கே எத்தனை வீடு மிஞ்சுதுன்னு சாயங்காலம் பாரு."

சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது, இனி வரவேண்டாம் என்று. மற்ற இரண்டு வீட்டிலும் கூப்பிடவுமில்லை, நிறுத்தவுமில்லை. அவள் மேல்வீடுகள் இரண்டும் அந்த வாரத்தோடு போயின. பதினெட்டு நாள் கழித்து, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே மீன் தொட்டி கிடையாது. முதல் நாள் அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, "எங்க, கையைக் காட்டு," என்றாள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தொட்டிக்காரரின் தங்கை சோப்புக் கையை விட்டு எட்டு மீனைக் கொன்றாள், அண்ணன் அவளைக் காப்பாற்றப் பொய்யாக எழுதினான் என்று அந்த வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். அவள் கை ஒருநாளும் அந்தத் தொட்டிக்குள் போனதில்லை. கோப்பைக்குக் கீழே தரை காய்ந்திருந்தது.