மூன்று பன்னிரண்டில் நான்கு விநாடி

ஆயிரம் இதயத் துடிப்பின் விலை ஒரு டீ. சர்க்கரை தூக்கலாக வேண்டுமென்றால் இன்னொரு நூறு துடிப்பு ஆகும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இந்த விலைவாசி அத்துப்படி.

நோயாளி நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிவார். அது வரைந்த இ.சி.ஜி. கோடு மறுநாள் இங்கே திரைக்கு வரும். லட்சம் துடிப்பையும் ஒன்றுவிடாமல் பார்த்துக் குறி போட வேண்டும், எண்ணிக்கைக்குத்தான் கூலி: இது துடிப்பு, இது இதயம் நின்ற நிறுத்தம், இது ஒயர் கழன்ற வெறும் நாய்ஸ். ஒரே கோட்டை இருவர் தனித்தனியாகக் குறிப்பார்கள். ஒத்துப்போனால் கோப்பு மூடப்படும். முரண்பட்டால் டாக்டர் பார்ப்பார். தப்பாகப் போட்டவருக்குச் சிவப்புப் புள்ளி. மூன்று சேர்ந்தால் வாசலைப் பார்த்து நடக்கலாம்.

அவளை அங்கே எல்லோரும் 'அண்ணி' என்பார்கள். வேலை வாங்கிக் கொடுத்த நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த மேலாளரே "அண்ணி, ஏழாம் பெட்டி முடிஞ்சுதா?" என்பார். அண்ணிக்கு இரண்டு புள்ளி. நாத்தனாருக்கும் இரண்டு. அண்ணியின் புருஷன் கால் உடைந்து இரண்டு மாதமாகக் கட்டிலோடு கிடக்க, இந்த இரண்டு சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அந்த ஏழாம் பெட்டியில், பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்குக் கோடு படுத்துவிட்டது. நான்கு விநாடி. ஒயர் கழன்றால் கோடு சும்மா படுக்காது. முதலில் கிறுக்கித் தள்ளும், திரும்பும்போதும் தள்ளாடும். இது சத்தமில்லாமல் படுத்து, அகலமான ஒரு துடிப்போடு சோம்பலாக எழுந்திருந்தது.

ஜோடி யாரென்று கேட்கக் கூடாது என்பது விதி. டீ நேரத்தில் விதியும் டீ குடிக்கப் போய்விடும்.

"உனக்கும் ஏழாம் பெட்டியா?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"காலையிலேயே அனுப்பிட்டேனே அண்ணி. படுத்த கோடெல்லாம் நாய்ஸ்னு மொத்தமா ஒரே தட்டு. நின்னு நிதானமா பார்த்தா கட்டுப்படியாகுமா?"

"மூணு பன்னிரண்டைப் பார்த்தியா?"

நாத்தனாரின் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. "ஒயர்தானே?"

அண்ணி இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒயர்னே போட்டுடுங்க அண்ணி. அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது. ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டா யாரும் பார்க்கப் போறதில்ல."

"அதான்டி பயமா இருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனார் தொண்டையைச் செருமினாள். நாய்ஸ் என்றால், முகம் தெரியாத ஒரு ஆள் மாட்டுவார். நிறுத்தம் என்றால், ஒரே கூரையில் படுத்தெழுபவள் மாட்டுவாள். டாக்டரே ஒயர் என்றுவிட்டால் தானே மாட்ட வேண்டியதுதான். இருதலைக் கொள்ளி எறும்புக்கு இரண்டு பக்கம்தான் நெருப்பு, இவளுக்கு மூன்று.

நான்கு விநாடி மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நெஞ்சை அப்படி அடக்கிப் பார்க்க வழியில்லை.

விரல் இரண்டு முறை 'நாய்ஸ்' வரை போய்த் திரும்பியது. மூன்றாம் முறை 'நிறுத்தம்' மேல் விழுந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஏழாம் பெட்டி ஆளை உடனே அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் நாத்தனார் பக்கம் திருப்பினார்.

நாத்தனார் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். தடுப்பருகே ஒரு கணம் நின்றாள்.

"நீங்க சரியாத்தான் போட்டீங்க அண்ணி. அதுதான் கஷ்டமா இருக்கு. தப்பா போட்டிருந்தா திட்டியாவது தீர்த்திருப்பேன்."

"பஸ்ஸுக்கு இரு, சேர்ந்தே போகலாம்."

"வேற எங்க போறது? வீடு ஒண்ணுதானே!"

வேலை முடிந்ததும் அண்ணி அன்றைய தாளை நிரப்பினாள். ஏழாம் பெட்டி: துடிப்பு, ஒரு லட்சத்து நானூற்றுப் பதினொன்று. நாய்ஸ், ஆறு. நிறுத்தம், ஒன்று. கையெழுத்துப் போட்டாள். தாளில் கட்டம் இல்லாததால் எழுதாமல் விட்டது: பாக்கி, நாத்தனாருக்கு ஒரு வேலை.