இலைப் படத்தில் கோடுகள்

தோட்டத்து ஆபீசில் யுவனேஸ்வரி தன் லேசர் பெட்டியை மேசைமேல் பொருத்தி, எதிரே ஒரு தேயிலைச் செடியின் இலையைச் செருகினாள். கொப்புள நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே இலைக்குள் அதைப் படம் பிடித்துக் காட்டுவதாகப் புது மேனேஜர் தர்மேந்திரனிடம் சொல்லியிருந்தாள். அவர் சம்மதித்தால்தான் இங்கே அவள் ஆராய்ச்சி நடக்கும்.

பெட்டியைக் கோலா தெர்லா ஊரிலிருந்து தன் காய்கறி லோரியில் கொண்டுவந்து, மேடேறிச் சுமந்தவர் அவள் அப்பா ராமையா. சட்டையெல்லாம் மண். இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். துரை ஆபீஸ் என்றால் இன்றைக்கும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். நாற்காலி காலியாக இருந்தும், பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு சுவரோரம் நின்றார்.

"இவரு யாரு, உங்க ஹெல்பரா?" என்றார் தர்மேந்திரன்.

அவள் அந்தக் காலுறையைப் பார்த்தாள். "ஆமா சார், லோரிக்காரரு."

சொல்லும்போது படித்த பிள்ளையான அவளுக்கு நாக்கு கூசவில்லை. சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவின் பக்கம் திரும்பாமல் லேசரைப் போட்டாள்.

"இலையில பட்டுத் திரும்புற வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம் சார், கேமராவுக்குப் பத்தாது. அத லேசருக்குள்ளயே திருப்பி விட்டா, லேசரோட வெளிச்சமே கூடிக் குறையும். அத அளந்துதான் படம் எடுக்கிறோம். மயிரிழை அசைஞ்சாலும் காட்டிடும்."

காட்டியது. திரையில் இலையைக் காணோம். கோடு கோடாக ஓடியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க நடக்கிறதுனாலதான் தரைப் பலகை ஆடுது. வெளிய போய் நில்லுங்க லா," என்று ராமையாமேல் எரிந்து விழுந்தாள். அவரோ அதுவரை நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்கவே இல்லை.

"சரிங்க மிஸ். மன்னிச்சிருங்க."

மகளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தூறலில் போய் நின்றார்.

கோடுகள் நிற்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த தன் கையை அப்போதுதான் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்ததும் கோடுகள் அடங்கி இலை தெளிந்தது. நரம்போரம் நோயின் புள்ளி ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"நல்லாருக்கு மிஸ். நாளைக்கே ஆரம்பிங்க," என்றார் மேனேஜர்.

அவள் வாசலுக்கு ஓடினாள். "அப்பா, உள்ள வாங்கப்பா."

அவளுக்குப் பின்னால் மேனேஜர் வருவதை ராமையா பார்த்தார்.

"பெட்டிய லோரியில ஏத்திடவாங்க மிஸ்?" என்று அவருக்கும் கேட்கும்படி கேட்டார்.