நொட்டை சொல்ல ஒரு ஆள்

கோவளத்துப் பஷீருதீன் எந்தக் கடைக்கும் தனியாகப் போனதில்லை. அவருடைய அத்தா காலத்துப் பழக்கம் அது. மாடு வாங்கினாலும் சரி, மகளுக்கு நகை வாங்கினாலும் சரி, கூட ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆளுக்கு ஒரே வேலை, காட்டுகிற சரக்குக்கெல்லாம் நொட்டை சொல்வது. அவன் முகத்தைச் சுளிக்கச் சுளிக்கக் கடைக்காரன் விலையில் இறங்குவான். இறங்கின பிறகு, வாங்குகிறவர் கூட வந்தவனையே நாலு பேர் முன்னால் அதட்டிவிட்டு, கடைக்காரன் பக்கம் சேர்ந்துகொண்டு, சரக்கை எடுத்து வர வேண்டும். கடைக்காரனுக்கும் இது தெரியும். தெரிந்தும் இறங்குவான். வலையும் கயிறும் மிதவையும் விற்று முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த பஷீருதீனே அப்படி எத்தனையோ தடவை இறங்கினவர்தான்.

செய்யூருக்குப் பக்கத்தில் அவர் வாங்கிப் போட்ட ஐந்து ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லைக்கு வேலி என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் திரும்பிப் பார்க்காததில் அது காடாகிவிட்டது. கல்தூண் எது, கம்பி எது என்று தெரியாமல் சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் பின்னிக் கிடந்தன. உள்ளே பெருச்சாளிகள் பிள்ளைகுட்டியோடு குடும்பம் நடத்தின. விளைந்த கடலையில் பாதி அவற்றுக்குத்தான். ஆள் விட்டு வெட்டலாமென்றால், பாம்புக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை. டிராக்டரில் மாட்டுகிற வெட்டும் மிஷின் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. டிராக்டர் இருந்தது. ஓட்ட ஏசுபாதம் இருந்தார்.

ஏசுபாதத்தின் அப்பா வரைக்கும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் லைசென்ஸ் எடுத்து இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறார். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பத்திரத்தில் நிலம் பஷீருதீனுடையது. அதில் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்பது ஏசுபாதத்துக்குத்தான் தெரியும்.

செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடியே பஷீருதீன் பாடம் நடத்தினார். எதைக் காட்டினாலும் நொட்டை சொல்ல வேண்டும், கடைசியில் தான் அதட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். ஏசுபாதம் சரி பாய் என்றார்.

கடைக்காரர் செங்கல்வராயன் இரண்டு மிஷின்களைக் காட்டினார். முதலாவது ஸ்லாஷர். டிராக்டருக்கு நேர் பின்னால் தொங்குகிற இரும்புத் தட்டு, அடியில் இரண்டு நீளக் கத்திகள். இரண்டாவதைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொள்ளலாம். டயர் முள்ளில் ஏறாமலே வேலியை ஒட்டி வெட்டும். அதன் உருளையில் சின்னச் சின்னச் சுத்திகள் வரிசையாகக் கீல் போட்டுத் தொங்கின. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஏசுபாதம் ஸ்லாஷரில் ஆரம்பித்தார். பெயிண்ட் உப்பியிருக்கிறது என்றார். வெல்டிங் அவசரத்தில் வைத்தது என்றார். செங்கல்வராயன் கொஞ்சம் இறங்கினார். அப்புறம் ஏசுபாதத்தின் குரல் தாழ்ந்தது. பஷீருதீனின் முழங்கையைத் தொட்டார்.

"இது புல்லு வெட்றதுக்கு பாய். நம்ம வேலில தூணு ஒடஞ்சி கல்லு கல்லா கெடக்குது. இந்தக் கத்தி கல்ல தூக்கி வீசும். வேணாம்."

பஷீருதீன் மனசுக்குள் சபாஷ் போட்டார். அத்தாவோடு நொட்டை சொல்லப் போன அப்பாஸ் மாமாவுக்குக்கூட இந்த முழங்கை தொடுகிற வித்தை வந்ததில்லை. செங்கல்வராயன் இன்னும் இறங்கினார்.

ஆனால் இரண்டாவது மிஷினிடம் வந்ததும் ஏசுபாதம் பாடத்தை மறந்துவிட்டார். குனிந்து ஒரு சுத்தியைக் கையால் தள்ளிப் பார்த்தார். "இது கல்லுல பட்டா மடங்கிக்கும்" என்றார். விலை கூடின சரக்கை, கடைக்காரன் காதில் விழுகிற மாதிரி ஒருத்தன் நல்லது என்கிறான்! பஷீருதீன் இருமிக் காட்டினார். ஏசுபாதம் நிமிரவில்லை. வியாபாரம் கெடுவதற்குள் பஷீருதீன் அதட்டலுக்குத் தாவினார்.

"அவன் கெடக்கறான் செங்கல்வராயா. ஸ்டியரிங் புடிக்கறவனுக்கு இன்னா தெரியும்? நீ மொதல்ல காட்னத ஏத்து."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏசுபாதமும் சிரித்தார். அந்த இடத்தில் கூட வந்தவனும் சிரிப்பதுதான் வழக்கம் என்பதால் பஷீருதீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விலை இறங்கின மகிழ்ச்சியில் ஏசுபாதத்துக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "நீ பொறந்த எடம் தப்புப்பா. மார்க்கெட்ல பொறந்திருக்கணும்" என்று பாராட்டினார். ஏசுபாதம் எலும்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்.

"பெயிண்டு, வெல்டிங்கு, அதெல்லாம் சும்மா பாய். கல்லு வீசும்னு சொன்னது நெஜம்."

பஷீருதீனின் கை இலையிலேயே நின்றது. கடை தெருக்கோடியில்தான் இருந்தது. மிஷினை இன்னும் வண்டியில் ஏற்றியிருக்கக்கூட மாட்டார்கள். எழுந்து போய், மாற்றிக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். ஆனால் அடித்துப் பேசி இறக்கின விலையை விட்டுவிட்டு வர எந்த வியாபாரிக்குக் கால் எழும்? தானே நாலு பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவன் என்று சொன்ன ஆளின் பேச்சைக் கேட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நீ பாத்து மெதுவா ஓட்டு" என்றார். அதோடு தயிர்ப் பச்சடி கேட்டார்.

ஏசுபாதம் மெதுவாகத்தான் ஓட்டினார். முதல் இரண்டு நாள் குச்சியை வைத்துக் குத்திக் குத்திக் கல் பொறுக்கிவிட்டே ஓட்டினார். மூன்றாம் நாள், மண்ணுக்குள் பாதி புதைந்திருந்த ஒரு கல்துண்டு கத்தியில் மாட்டியது. அது பறந்து போய், நின்றிருந்த தூணில் மோதி, திரும்பி வந்து அவர் புருவத்தைப் பிளந்தது. பனைமரத்தடியில் பத்திரமாக நின்றிருந்த பஷீருதீன் ஓடி வந்தபோது ஏசுபாதம் முதலில் செய்தது, டிராக்டர் இன்ஜினை நிறுத்தியது.

ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, ஏசுபாதம் தன் கவனக்குறைவு என்றார். பஷீருதீன் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முழுவதும் படித்தார்.

ஏசுபாதத்தின் மனைவி செங்கம்மாள் வேலை செய்த இடத்திலிருந்து மூச்சிரைக்க வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி பஷீருதீன் பக்கம் திரும்பினாள்.

"புது மிஷினாச்சே பாய். அதுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அன்றிலிருந்து பஷீருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது வலைக்கு நொட்டை சொன்னால், கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பினார். உடம்பு சரியில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்லாஷரை ஏற்றிக்கொண்டு, ஏசுபாதத்தையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். எந்தக் கடையில் அந்த வார்த்தையைச் சொன்னாரோ, அதே கடையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவு. இந்தத் தடவை வழியில் பாடம் நடத்தவில்லை.

கடையில் கூட்டம் இருந்தது. பஷீருதீன் உட்காராமலே சொன்னார்.

"இவரு அன்னிக்கே சொன்னாரு, இது ஆவாதுன்னு. நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

செங்கல்வராயன் ஏசுபாதத்தின் நெற்றிக் கட்டைப் பார்த்தார், இறக்கி வைத்திருந்த ஸ்லாஷரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரிட்டன் எடுக்க வெக்கறதுக்கு கட்டெல்லாம் போட்டு கூட்டினு வந்துகீறீங்களே பாய். உங்க கிட்டதான் தொழில் கத்துக்கணும்."

போன தடவை சிரித்த மாதிரியே கடை சிரித்தது. ஏசுபாதம் சிரிக்கவில்லை. பஷீருதீனுக்குக் காது மடல் எரிந்தது. ஸ்லாஷருக்கு என்ன தோன்றுகிறதோ கொடு, அந்த இரண்டாவது மிஷினுக்கு நீ சொல்கிற விலை, பேரம் இல்லை என்றார். செங்கல்வராயனின் சிரிப்பு நின்றது. பேரம் பேசாத பாயை அவர் பார்த்ததில்லை. இதில் என்ன சூது என்று யோசிப்பவர் போல மோவாயைத் தடவினார்.

பஷீருதீன் திரும்பினார். "நீ பாத்து சொல்லு ஏசுபாதம். நீ இன்னா சொல்றியோ அதான்."

ஏசுபாதம் இரண்டாவது மிஷினைப் பார்த்தார். செங்கல்வராயனைப் பார்த்தார். பிறகு பஷீருதீனின் முகத்துக்குக் கிட்டே வந்து, மற்றவர் காதில் விழாதபடி கேட்டார். குத்தல் இல்லை, கோபம் இல்லை. வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டுமே என்கிற கவலைதான் குரலில் இருந்தது.

"இப்ப நான் இன்னா சொல்லணும் பாய்? நல்லாகீதுன்னா, நல்லால்லன்னா?"

பஷீருதீனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, உருளையில் தொங்கிய ஒரு சுத்தியை விரலால் தள்ளினார். அது மடங்கியது.