ரெஜிலாவின் குளிகை

ரெஜிலாவுக்கு மறதி என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் குன்னத்துகாலில் எவனும் நம்பியிருக்க மாட்டான். பாராமல் பைபிள் வசனம் சொல்லும் போட்டியில் சபையே வாய்பிளக்க ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். யாருக்கு எந்த வருஷம் கல்யாணம் என்று போதகரே அவளிடம்தான் கேட்பார்.

மகன் சானு பிறந்த பிறகு வலிப்பு வந்தது. நெய்யாற்றின்கரை டாக்டர் குளிகை எழுதித் தந்தார். வலிப்பு நின்றது, ஆனால் ஓர்மை, அந்தப் பேர்போன ஞாபகம், ஓட்டைக் குடத்துத் தண்ணீராக வடியத் தொடங்கியது. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கை வைத்துவிட்டு எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள். பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் புருஷன் ராஜதாஸ், கரிந்த கிழங்கைச் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டுப் போவான். ஆனால் ஒருநாள், தங்கள் கல்யாணத்தில் மழை அடித்துப் பந்தல் சரிந்த கதையை அவன் சொன்னபோது, யாரோ இருவருடைய கல்யாணத்தைக் கேட்பதுபோல அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே போய் அக்காளிடம் சொன்னான்.

"வலிப்பு நின்னாச்சே, பின்ன எதுக்குலே குளிகை?" என்றாள் அவன் அக்காள் தங்கபாய். "அதாக்கும் அவளுக்க மண்டையத் தின்னுது. வேலியே பயிர மேயுது, கேட்டியா?"

சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று நடக்கும் வசனப் போட்டிக்கு ரெஜிலா பேர் கொடுத்திருந்தாள்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவள் தினமும் கேட்பது ஒன்றுதான்: "இஞ்ச பாருங்க, நான் குளிகை தின்னேனா?" தின்றது அவளுக்கு நினைவிருக்காது. இரண்டு தரம் தின்றுவிடக் கூடாதே என்று, பார்த்துச் சொல்லும் வேலையை டாக்டர் அவனிடம் விட்டிருந்தார். அவள் தின்னாத ஒரு சாயங்காலம் ராஜதாஸ், "தின்னாச்சு, போய்ச் சோறெடு" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பொய் அவ்வளவு லேசாக வந்தது.

பிறகு தினமும் அதையே சொன்னான். கொஞ்ச நாளில் அவள் கண்ணில் தெளிச்சம் வந்தது. முற்றம் பெருக்கிக்கொண்டே வசனம் சொன்னாள். திடீரென்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "நம்ம கல்யாண மழையில உங்க மாமன் பாயசச் சருவத்தத் தலையில கவுத்திட்டு நின்னாரே!" என்று சிரித்தாள். அதை அவன் அவளுக்குச் சொன்னதே இல்லை. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதான். காலை வேளைகளில் அவள் கையிலிருந்த டம்ளர் வெட்டிவெட்டி உதறியதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தான்.

பண்டிகை அன்று ரெஜிலா தடங்கலில்லாமல் பாதிவரை சொல்லிக்கொண்டு போனாள். பிறகு நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் வாய் மட்டும் எதையோ சப்புக்கொட்டியது. ராஜதாஸ் எழுந்து ஓடுவதற்குள் விழுந்தாள். ஒரு வலிப்பிலிருந்து தெளியும் முன்பே அடுத்தது வந்தது. ஜீப்பில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவே இல்லை.

மறுநாள் கண் விழித்தவள் சானுவைப் பார்த்து, "நல்ல பிள்ள, ஆருக்க பிள்ள இது?" என்று கேட்டாள். பெற்ற மகனின் பேர் நினைவுக்கு வரச் சாயங்காலம் ஆனது. தங்கபாய் சுவரோடு சாய்ந்து அழுதாள்.

டாக்டர் வந்து அவளிடம், குளிகையை நிறுத்தினாயா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல டாக்டரே, தினமும் தின்னேன்," என்றாள் ரெஜிலா. "எனக்கு ஓர்ம இல்லேங்கிலும் இவருக்கு உண்டு. இவரு பொய் சொல்லமாட்டாரு."

டாக்டர் ராஜதாஸின் பக்கம் திரும்பினார். கட்டிலைச் சுற்றிப் பாதிச் சபை நின்றுகொண்டிருந்தது. 

"அவ தின்னா," என்றான் ராஜதாஸ்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மறதி வலிப்பாலும் வரும், மருந்தாலும் வரும். இந்தத் தடவை அளவைக் குறைக்கலாம் என்றுதான் இருந்தேன். தின்றும் இப்படி வந்தால் நான் என்ன செய்ய? இதை இரட்டிப்பாக்கி இன்னொரு குளிகையும் சேர்க்கிறேன். மறதி கூடத்தான் செய்யும்."

ராஜதாஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். ரெஜிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேடிக்காதீங்க, என்னத்துக்கு பயம்? நான் மறந்தா என்ன, நீங்க சொல்லித் தருவியளே," என்றாள்.

அதற்குள் டாக்டர் எழுதி முடித்து அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.